வருகைப் பரிசு பெற்ற கிறிஸ்டினாவுக்கு

இயேசு மரி சூசை

ராயபுரம்,
மே 8, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் கிறிஸ்டினாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே உன் அப்பா, நான், உன் தம்பி தங்கைகள் ஏழு பேர், ஆக ஒன்பது தலையும் சுகம், டென்னிஸுக்கு மட்டும் முன்பல் ஆடுகிறது. போர்ட் பிளேரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தலைவலி ஜலதோஷம் ஒன்றும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் ஒரு பத்து மணி உனக்காகத் தனியாகச் சொல்கிறேன். வாரத்துக்கு நாலு தடவை போனில் பேசுகிறோமே, இந்த அம்மாவுக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் எழுத என்ன வந்தது என்று நினைப்பாய். நானாக எழுதவில்லை கிறிஸ்டி. இது எனக்கு விழுந்த தண்டனை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நம் வீட்டு மொட்டை மாடியில் என்மேல் விசாரணை நடந்து, குற்றம் ருசுவாகி, சொந்தக் கையால் உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. பதிவுத் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று சுஜா சட்டம் பேசினாள், தபாலாபீசில் போய்க் கேட்டால் இப்போது பதிவுத் தபால் தனியாகக் கிடையாதாம், ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்களாம். அது செல்லுமா செல்லாதா என்று அவளும் நோயலும் ஒரு முழு மத்தியானம் சண்டை போட்டார்கள். கடைசியில் ஒப்புகை அட்டை வந்தால் செல்லும் என்று முடிவானது.

முதலில் நல்ல செய்தி. நான் நடத்துகிற நம் வீட்டுப் பள்ளிக்கூடத்தின் இந்த வருஷ வருகைப் பரிசு உனக்குத்தான் கிடைத்திருக்கிறது. சிரிக்காதே. நீ அந்தமானுக்குக் கப்பல் ஏறிப் பதினாலு மாதம் ஆகிறது, அந்தப் பதினாலு மாதத்தில் ஒருநாள்கூட லீவு எடுக்காத ஒரே பிள்ளை இந்த வீட்டில் நீதான் என்று பதிவேடு சொல்கிறது.

இது எப்படி ஆயிற்று என்று சொல்ல வேண்டுமானால் நீ போன பிறகு இங்கே நடக்கிற கூத்தைச் சொல்ல வேண்டும். உன் அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டுவது போதாது என்று வீட்டையும் ஹார்பர் ஆக்கிவிட்டார். ஆறு மணிக்குத் தட்டில் கரண்டியால் அடித்துச் சங்கு ஊதுகிறார். வருகைப் பதிவேட்டுக்கு மஸ்டர் என்று பெயர், ஹார்பரில் ஆள் எடுக்கும்போது அப்படித்தான் சொல்வார்களாம். ஏழு பிள்ளைக்கு ஒரு பாத்ரூம், அதனால் டோக்கன். டோக்கனைத் தொலைத்தவன் குளிக்கக் கூடாது என்று விதி, சாலமன் வேண்டுமென்றே தொலைக்கிறான். முதல் ஷிப்ட் கணக்கு, இரண்டாவது ஷிப்ட் தமிழும் இங்கிலீஷும், மத்தியானம் இரட்டையருக்கு எழுத்துப் பயிற்சி, மற்றவர்களுக்கு எண்ணூர் அனல்மின் நிலையத்திலிருந்து வந்து படிகிற சாம்பலைத் துடைக்கிற பயிற்சி, அது நீ இருந்தபோது இருந்ததுதான், சாம்பல் மட்டும் கூடியிருக்கிறது. புவியியலுக்குத் தனியாகப் புத்தகம் வாங்கவில்லை. திருவொற்றியூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்காக நிற்கின்றன அல்லவா, அப்பா பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய் நிறுத்தி, டிரைவர்களிடம் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டு எழுதச் சொல்கிறார். ஒரு டிரைவர் இவர்களை ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துப் பயந்து பேப்பரெல்லாம் எடுத்துக் காட்டினாராம். கல்லறைத் திருநாளுக்குத் தாத்தா கல்லறையைக் கழுவக் காசிமேட்டுக்குப் போனோம். நான் சும்மா இருக்காமல் பிறந்த வருஷம் இறந்த வருஷம் பார்த்துக் கழித்தல் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சுஜா பக்கத்துக் கல்லறையில் ஒரு ஆள் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே செத்துப்போயிருக்கிறார் என்று கண்டுபிடித்துச் சத்தமாகச் சொல்ல, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த அந்தக் குடும்பம் கல் வெட்டியவனைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டது. அதிலிருந்து கணக்கை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை ஆண்டு விழா. மொட்டை மாடியில் அப்பா லுங்கியையும் என் பழைய புடவையையும் கட்டி மேடை. தலைமை விருந்தினர் நம் மீன்காரி சிலுவையம்மாள். தடைக்காலம், விசைப்படகு போகவில்லை, காசிமேட்டில் அவளுக்கு வேலை குறைவு, அதனால் கூப்பிட்டதும் வந்துவிட்டாள், அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. பரிசுப் பட்டியலை சுஜா தயாரித்தாள், அவள்தான் இப்போது டைம் கீப்பர், மஸ்டரைக் கூட்டிக் கணக்கு வைக்கிறவள். வருஷம் முழுக்கக் கூட்டிப் பார்த்தாள். சாலமன் எங்கிருந்தோ அம்மையைக் கொண்டுவந்தான், அது வரிசையாக எல்லோருக்கும் போட்டுவிட்டது, இரட்டையர் சேர்ந்து படுத்தார்கள் சேர்ந்து எழுந்தார்கள், சுஜா எனக்கு எதிர்ப்புத் தெரிவிப்பதாக இரண்டு நாள் தனக்குத்தானே ஆப்சென்ட் போட்டுக்கொண்டாள். நோயலுக்குப் போன வருஷமே அம்மை வந்து போனதால் அவன் தப்பினான், ஆனால் பல் பிடுங்க ஒரு நாள் போனான். கடைக்குட்டி அம்புரோஸுக்கு ஒன்பது நாள். கிறிஸ்டினாவுக்கு ஒன்றுமில்லை. கூட்டல் சரியாக இருந்ததால் அந்தப் பிள்ளை வேறொன்றும் யோசிக்காமல் எழுதிவிட்டாள். சிலுவையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, சுஜா காதில் சொன்னதை அவள் மீன் கூவுகிற குரலில், முயு வருசமும் வந்த புள்ள கிறிஸ்டினா என்று கூவினாள். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அம்புரோஸ் எழுந்துபோய், இடுப்பு வளைத்துக் கும்பிட்டு, உன் பரிசை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மூடி கொஞ்சம் இறுக்கம்.

அப்போதுதான் நோயல் எழுந்தான். நான் ஒரே ஒரு நாள்தாம்மா லீவு, அதுவும் பல்லு புடுங்க, அக்கா பதினாலு மாசமா அந்தமான்ல கீது, அதுக்கு ப்ரைஸா என்று கேட்டான். பதினைந்து வயசுப் பையன், டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். அதுவரை இந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது. தினமும் காலையில் நான் மஸ்டர் வாசிக்கும்போது முதல் பெயர் உன்னுடையது, மூத்தவள் அல்லவா. நான் கிறிஸ்டினா என்பேன், அம்புரோஸ் உள்ளேன் அம்மா என்பான், நான் டிக் போடுவேன், அடுத்தது நோயல். இதில் யாருக்கும் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. அம்மை போட்டுப் படுத்திருந்த ஒன்பது நாளும் அம்புரோஸ் உள் அறையிலிருந்து வேப்பிலைக்கு நடுவில் உனக்கு உள்ளேன் அம்மா என்று கத்தினான், தன் பெயருக்கு வாயைத் திறக்கவில்லை. ஏனென்று கேட்டால், நான் பட்த்துகினு கீறேன், அக்கா ஒண்ணும் பட்த்துகினு இல்லியே என்கிறான். அதனால்தான் அவனுக்கு ஒன்பது ஆப்சென்ட், உனக்கு ஒன்றுமில்லை.

உன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. இல்லாத ஆளுக்கு ஆஜர் போடுவது ஹார்பரில் எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா, வேலை போகும், கோர்ட்டுக்குப் போகும். முப்பது வருசம் யூனியன் கொடி புடிச்ச என் வூட்லயே இப்டியா என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலமே அம்புரோஸுக்கு மெமோ. நோயல் எழுதினான். ஐந்து வயசுப் பிள்ளைக்கு இன்னும் கூட்டெழுத்துப் படிக்க வராது, மெமோவை என்னிடம் கொண்டுவந்து படித்துக் காட்டச் சொன்னான், எனக்கு லெட்டர் வந்துகீது என்று ஒரே சந்தோஷம். கையெழுத்துப் போடத் தெரியும், இருந்தாலும் பெருவிரலை மையில் அமுக்கித்தான் வைப்பேன் என்று அடம்பிடித்து வைத்தான், புதுத் தலையணை உறையிலும் வைத்தான்.

விசாரணை அதிகாரி வெளியாளாக இருக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். பரிசைக் கையால் கொடுத்தவள் என்பதால் சிலுவையம்மாளையே வைத்தோம். அவள் ஒரு முறம் நெத்திலியை மடியில் வைத்துத் தலை கிள்ளிக்கொண்டே விசாரித்தாள். அப்பா பாதிக்கு மேல் கட்சி மாறிவிட்டார். கொயந்தைக்கு மெமோ குட்த்துட்டு, அவன் பக்கம் பேச ஆளில்லாம விசாரிச்சா செல்லாது, சட்டம்னு ஒண்ணு கீது என்று சொல்லி அம்புரோஸுக்கு அவரே வக்கீலாக உட்கார்ந்தார். நோயல் அரசுத் தரப்பு. அக்கா பேருக்கு நீ ஏண்டா குரல் குடுத்தே என்று நோயல் கேட்டான். அம்புரோஸ், பேரு கூப்ட்டா யார்னா சொல்லணும்ல, இல்லாங்காட்டி அம்மா நின்னுகினே கீது என்றான். அந்த நேரத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை, என் காதில் மட்டும் ஏறியது. காலையில் ஆளுக்கு ஒரு முட்டை அல்லவா, அக்கா பங்கு முட்டையை யார் தின்றது என்று அடுத்த கேள்வி. நான்தான் என்று உடனே ஒப்புக்கொண்டான். ஆனால் மிளகுத்தூள் போட்டுத் தின்றானாம். இவனுக்கு மிளகு ஆகாது என்பது உனக்குத் தெரியும், நாக்கைத் தொட்டாலே தண்ணீர் கேட்டு ஓடுவான். உன் பங்கை உன்னைப் போலத்தான் தின்ன வேண்டும் என்று தினமும் கண்ணில் தண்ணீர் வழிய மிளகுத்தூள் போட்டுத் தின்றிருக்கிறான். தன் முட்டையை உப்புப் போட்டுத் தனியாக. அப்பா எழுந்து, பாருங்க, இது திருட்டு இல்ல, டியூட்டி என்றார்.

எனக்கும் ஒரு கேள்வி வந்தது, டிக் போட்டது நீதானே என்று. எனக்குப் பயமில்லை. கண்ணாடி போடாமல் மஸ்டர் வாசிப்பேன், முகம் பார்ப்பதில்லை, எட்டுக் குரல் வந்தது எட்டு டிக் போட்டேன் என்று சொன்னேன். நோயல் எழுதிக்கொண்டான். முடிந்தது என்று நானும் இட்லிக்கு ஊறப்போட எழுந்தேன். அப்போது சிலுவையம்மாள் நெத்திலியை முறத்தில் போட்டுவிட்டு, இரு இரு, இன்னாமே சில்வியா, வூட்ல கீறது ஏயு புள்ள, தெனிக்கும் எட்டு முட்டை வேவ வெச்சது யாரு என்று கேட்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார், பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். கை தவறிப் போட்டிருப்பேன் என்றேன். ஒரு நா கை தவறும், ரெண்டு நா தவறும், வருசம் பூராவா தவறும், மெய்யச் சொல்லுமே என்றாள் அவள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். சிலுவையம்மாள் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கொயந்தை மேல குத்தமில்ல, வேவ வெச்சவ மேலதான் குத்தம், பொண்ணாண்ட போன்ல சாப்டியா சாப்டியான்னு கேட்டுகினே இருந்தா ஆச்சா, மனசுல கீறத ஒரு கடுதாசில எய்து என்றாள். சுஜா அதோடு விதியையும் சேர்த்தாள். ஜூன் ஒன்றாம் தேதி திங்கட்கிழமை புது மஸ்டர் திறக்கிறோம், அதற்குள் சம்பந்தப்பட்டவர் நேரில் ஆஜராகவில்லை என்றால் புது நோட்டில் பெயர் ஏறாது. அதுவரை முட்டை ஏழுதான். இது நோட்டீஸ்.

இதுவரை எழுதியதை சுஜா படித்துவிட்டு, ல-வையும் ள-வையும் இரண்டு இடத்தில் திருத்திவிட்டுப் போனாள். இப்போது அவளைப் பசை வாங்கக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன், திரும்பி வர இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

நீ கப்பல் ஏறிய காலையில் நான் ஹார்பருக்கு வரவில்லை. வகுப்பு இருக்கிறது, ஏழு பிள்ளையை யாரிடம் விடுவது என்று சொன்னேன். அது பொய், சிலுவையம்மாள் பார்த்துக்கொள்கிறேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். முந்தின ராத்திரி நீ சொன்னது என் நெஞ்சில் நின்றுவிட்டது. என் பதினஞ்சு வயசுலருந்து இந்த ஏழு பேருக்கும் நான்தான் வாத்தியார், நான்தான் ஆயா, நீ ரிஜிஸ்டர்தான் எழுதினே என்று சொன்னாய். நான் அதற்கு, போறதானா போ, உன் பேரை இந்த நோட்டிலிருந்து அடிச்சுடுறேன் என்றேன். பெற்றவள் சொல்லக்கூடிய வார்த்தையா அது. நீ சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை கிறிஸ்டி. சாலமனுக்கு அ எழுதக் கற்றுக்கொடுத்தது நீ, இரட்டையருக்குப் பேன் பார்த்தது நீ, உன் கூட்டாளிகள் கடற்கரைக்குப் போனபோது நீ கரும்பலகை முன்னால் நின்றாய். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நானே வளர்த்தேன் என்று கோயிலில் எல்லோரிடமும் பெருமை பேசினேன், பாதி வளர்த்தது நீ என்று ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது அங்கே நாற்பது பிள்ளைகளுக்கு நீ டீச்சர், அதற்கு மாசம் பிறந்தால் சம்பளமும் மத்தியானம் மணி அடித்தால் வீடும் உண்டு என்று கேட்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று காலையில் சிவப்புப் பேனாவோடுதான் மஸ்டரை எடுத்தேன். அடித்துவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். பழக்க தோஷம், அடிப்பதற்கு முன் வாய் உன் பெயரைக் கூப்பிட்டுவிட்டது. கூப்பிட்டுவிட்டு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. ஹார்பர் பக்கம் கப்பல் சத்தம் கேட்டது, உன் கப்பலோ வேறு கப்பலோ. அப்போதுதான் அம்புரோஸ், நாலு வயசு அவனுக்கு, உள்ளேன் அம்மா என்றான். நான் டிக் போட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் போட்டேன். அப்புறம் அடுப்படிக்குப் போய் எட்டு முட்டை வேகவைத்தேன். விசாரணையில் சொல்லாத உண்மை இதுதான், இதை நோயல் கோப்பில் வைக்க வேண்டாம், உன்னிடம் இருக்கட்டும்.

இந்தத் திங்கட்கிழமையிலிருந்து ஐந்து நாளாக ஏழு முட்டைதான் வைக்கிறேன். அந்தப் பாத்திரத்துக்கு எட்டுதான் சரியாக இருக்கும், ஏழு வைத்தால் ஒன்றோடொன்று முட்டி விரிசல் விடுகிறது. தினமும் ஒன்று உடைந்து கொதிதண்ணீரெல்லாம் நுரை. உடைந்த முட்டையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அம்புரோஸ் சொல்கிறான், மிளகுத்தூள் போட்டுத் தின்கிறான், யாரும் கேட்கவில்லை. டிபன் பாக்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். நேரில் வந்து வாங்கினால்தான் பரிசு உனக்குச் சேரும் என்று சுஜா சொல்லிவிட்டாள், அதனால் காவல்.

உனக்கு இப்போது ஸ்கூல் லீவு என்று சுஜா உன்னிடமே நைசாக விசாரித்துவிட்டாள், உனக்குத்தான் தெரியவில்லை. கப்பல் டிக்கெட்டுக்கு அப்பா சொல்லி வைத்திருக்கிறார். வந்தால் உன் கையில் சாக்பீஸ் கொடுக்க மாட்டேன், ஒரு தலைக்கும் நீ பேன் பார்க்க வேண்டாம், பாத்ரூம் டோக்கன் உனக்கு முதல் நம்பர். எட்டு மணி வரை தூங்கு, தட்டில் கரண்டி அடிக்கிறவரை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே இருக்கிறவரை ஈரத் தலையோடு படுக்காதே, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, சாயங்காலம் கடலில் இறங்காதே, அந்தமான் கழிமுகத்தில் முதலை வரும் என்று நோயல் படித்துக் காட்டினதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வீட்டுக்கார அம்மா அங்கம்மாவைக் கேட்டதாகச் சொல். வரும்போது ஒன்றும் வாங்கி வராதே, இரட்டையர் ஆளுக்கு ஒரு சங்கு கேட்பார்கள், ஒரே அளவாகப் பார்த்து எடு, இல்லாவிட்டால் அதற்கும் விசாரணை வைப்பார்கள்.

சுஜா படி ஏறுகிற சத்தம் கேட்கிறது. மாதாவும் நம் கோயில் இராயப்பரும் உனக்குத் துணை இருக்கட்டும், நெற்றியில் சிலுவை போட்டுக்கொள், நான் போட்டதாக நினைத்துக்கொள். முக்கியமாக ஒன்று, தபால்காரர் நீட்டும் ஒப்புகை அட்டையில் நீயேதான் கையெழுத்துப் போட வேண்டும், அங்கம்மாவைப் போடச் சொல்லிவிடாதே, உனக்குப் பதிலாக வேறு ஆள் ஆஜராவதை இந்த வீட்டில் நிறுத்திவிட்டோம். ஜூன் ஒன்றாம் தேதி காலையில் புது நோட்டில் முதல் வரியை எழுதாமல் விட்டுவிட்டுக் கூப்பிடுவேன். ஒரே ஒரு தடவை உன் வாயால் உள்ளேன் அம்மா என்று சொல்லிவிடு கிறிஸ்டி, அப்புறம் நீ எந்தக் கப்பல் ஏறினாலும் நான் ஹார்பர் வரைக்கும் வருவேன்.

இப்படிக்கு,
எட்டு வேகவைத்த உன் அம்மா
சில்வியா கஸ்பார்